மூணு மணி நேரத்துல என்ன பண்ண முடியும்?

வருஷா வருஷம் சித்திரை, வைகாசியில இது நடக்குது. நுங்கம்பாக்கம் வானிலை மையத்துலருந்து அறிவிப்பு வரும்: அடுத்த 3 மணி நேரத்தில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு. உடனே சென்னையில ஒரு கூட்டம் சிரிக்க ஆரம்பிக்கும். "ஓரிரு இடம்னா எந்த இடம் சார்?" "வாய்ப்புன்னா வருமா, வராதா?" "மழை வரும்னு சொல்லிட்டாங்களா, அப்ப தைரியமா துணி காயப்போடலாம்." ரமணன் சார் டிவியில வந்த காலத்துலருந்து அதே ஜோக்கு. அவர் 2016-ல ஓய்வு பெற்றுட்டார். ஜோக்குக்கு மட்டும் ஓய்வே இல்ல.

இன்னொரு கூட்டம் இதுக்கு நேர் எதிர்ப்பக்கம். கையில நாலு செயலி, கலர் கலரா ரேடார் படம். "சயின்ஸ் எங்கயோ போயிடுச்சுங்க, இனிமே விவசாயிக்கு மழையால நஷ்டமே வராது" அப்படின்னு எங்களுக்கே பாடம் எடுக்கிறாங்க.

இந்த ரெண்டு கூட்டத்தோடயும் எனக்கு வழக்கு இருக்கு. முதல் கூட்டம் விஞ்ஞானிங்களைக் கேவலப்படுத்துது. ரெண்டாவது கூட்டம் அரசாங்கத்தைத் தப்பிக்க விடுது. ரெண்டுல எது மோசம்னு கேட்டா, ரெண்டாவதுன்னுதான் சொல்லுவேன்.

முதல்ல சிரிக்கிறவங்களுக்கு.

"ஓரிரு இடங்களில்" அப்படிங்கறது மழுப்பல் இல்ல, கணக்கு. ஒரு பகுதியில இருக்கிற மழை பதிவு நிலையங்கள்ல 25 சதவீதம் வரைக்கும் மழை இருக்கும்னா அது ஓரிரு இடங்கள். 26-லருந்து 50 சதவீதம்னா ஒரு சில இடங்கள். 51-லருந்து 75 வரைக்கும் பல இடங்கள். அதுக்கு மேல போனா பெரும்பாலான இடங்கள். "கனமழை"க்கும் அளவு இருக்கு. 24 மணி நேரத்துல ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் தாண்டினாத்தான் அந்த வார்த்தையைப் போடுவாங்க. படிச்சவங்க நீங்க. பங்குச் சந்தை வார்த்தை அத்தனையும் அத்துப்படி. இந்த நாலு வார்த்தையைத் தெரிஞ்சிக்க மட்டும் நேரம் இல்லாம போச்சா?

கோடை இடிமழையும் புயலும் ஒண்ணு கிடையாது. புயல்னா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலம். நாள்கணக்குல கடல்மேல நகர்ந்து வரும். சாட்டிலைட் படத்துல சக்கரம் மாதிரி தெரியும். கோடை இடிமேகம் அஞ்சு, பத்து கிலோமீட்டர் அகலம் இருந்தாலே பெருசு. காலையில பார்த்தா வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற நிலம் கொதிக்கும். மத்தியானத்துக்கு மேல வங்கக்கடல்லருந்து ஈரக்காத்து உள்ள நுழையும். மேற்கேருந்து வர்ற காய்ஞ்ச சூட்டுக்காத்தும் இதுவும் எங்கயாவது ஒரு இடத்துல முட்டிக்கும். முட்டின இடத்துல காத்து மேல கிளம்பும். பார்த்துட்டு இருக்கும்போதே பன்னெண்டு, பதினஞ்சு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் கோபுரம் மாதிரி நிக்கும். அதுலருந்து குளிர்ந்த காத்து மழையோட சேர்ந்து கீழ விழுந்து நாலாபக்கமும் சிதறும். கதிர் முத்தின நெல்லைப் பாய் விரிச்ச மாதிரி சாய்க்கிறது அந்தக் காத்துதான்.

ஒரு தனி மேகத்தோட ஆயுசு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். அது செய்யாத்துக்கு இந்தக் கரையில கிளம்புமா, அந்தக் கரையில கிளம்புமான்னு காலையிலேயே சொல்ல உலகத்துல யாராலயும் முடியாது. அமெரிக்காவுல அவ்வளவு பணத்தைக் கொட்டியும், டொர்னேடோங்கற சுழற்காத்துக்கு அவங்க எச்சரிக்கை கொடுக்கிறது சராசரியா பத்து நிமிஷம் முன்னாடிதான்.

அப்படிப்பட்ட விஷயத்துல நம்ம ஆளுங்க எவ்வளவு தூரம் வந்திருக்காங்கன்னு பாருங்க. நுங்கம்பாக்கத்துல வானாய்வுக் கூடம் வந்தது 1792-ல. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆரம்பிச்சது 1875-ல. ஆனா இடிமேகத்துக்கு உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கிற டாப்ளர் ரேடார் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது 2002-லதான். மேகத்துல எவ்வளவு தண்ணி இருக்கு, உள்ள காத்து எந்தப் பக்கம் ஓடுது, ரெண்டையும் அது சொல்லும். எங்க மாகறல் அதோட பார்வைக்குள்ள தாராளமா வருது. 2014 வாக்குல நாடு முழுக்க 15 சொச்சம் ரேடார்தான் இருந்துச்சு. இப்ப அது ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. 2024 பிப்ரவரியில இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோள் மேல போச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல 2,000 கோடி ரூபாய்க்கு "மிஷன் மௌசம்" திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. அக்டோபர்ல கிராமப் பஞ்சாயத்து அளவுல முன்னறிவிப்பு தொடங்கினாங்க. 2025 மே 26-ல "பாரத் முன்னறிவிப்பு அமைப்பு" வந்துச்சு. அதுக்கு முன்னாடி பூமியை 12 கிலோமீட்டர் கட்டமாப் பிரிச்சுக் கணக்குப் போட்டது, இதுல 6 கிலோமீட்டர் கட்டம் ஆச்சு. புனேயில இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தோட வேலை அது. அதே நிறுவனம் கொடுத்த "தாமினி" செயலி, உங்களைச் சுத்தி 20, 40 கிலோமீட்டருக்குள்ள மின்னல் இறங்கினா எச்சரிக்கும்.

இது சின்ன வேலையா? 2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் "காஞ்சிபுரம் மாவட்டத்தில் மழை"ன்னா அது கோவளம் கடற்கரையாவும் இருக்கலாம், எங்க ஊரு ஏரிக்கரையாவும் இருக்கலாம். அந்த நிலைமையிலருந்து பஞ்சாயத்து வரைக்கும் இறங்கி வந்திருக்காங்க. எல்லா நாளும் சரியா இருக்காது. ஆனா மேகம் கிளம்பின பிறகு அது எந்தப் பக்கம் போகுதுன்னு ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு அவங்க சொல்றதை நான் நம்பறேன். நம்பித்தான் களத்துல வேலை பார்க்கிறேன்.

இந்த இடத்துல குறுக்க ஒருத்தர் வருவார். "உங்க தாத்தா காலத்துல எறும்பையும் தும்பியையும் பார்த்தே மழை சொன்னாங்களே, அந்த அறிவெல்லாம் எங்க போச்சு?" ஐயா, எறும்பு முட்டையைத் தூக்கிட்டு ஓடறது எங்களுக்கும் தெரியும். ஈசான மூலையில மின்னல் வெட்டினா என்ன அர்த்தம்னும் தெரியும். ஆனா எறும்பு சொல்றது எறும்புக்குப் போதுமான அவகாசம். அதுக்கு முட்டை, எனக்கு அறுபது மூட்டை. ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் கிளம்பும்போதே ரேடார் பார்த்துடுது, தும்பிக்கு அது தெரியாது. அப்புறம் மழை பெஞ்சு முடிஞ்ச மறுநாள் "பஞ்சாங்கத்துல அன்னைக்கே போட்டிருக்கு"ன்னு படம் அனுப்பறவங்க, தயவுசெஞ்சு ஒரு தடவையாவது முந்தின நாள் அனுப்புங்க.

சரி, இப்ப ரெண்டாவது கூட்டத்துக்கு வர்றேன். முன்னறிவிப்பு நல்லா வந்துடுச்சு, ஒத்துக்கறேன். அதை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?

தெரியாதவங்களுக்கு ஊரைச் சொல்லிடறேன். காஞ்சிபுரத்துலருந்து உத்திரமேரூர் போற ரோட்டுல, செய்யாத்தங்கரையில இருக்கு மாகறல். திருமாகறலீஸ்வரர் கோயிலுக்கு வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் பக்கத்துல சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டம். மார்கழி, தையில வைக்கிற நவரை, கோ-51, ஏடிடி-37 குண்டு மாதிரி ரகங்கள், சித்திரையில அறுப்புக்கு வரும். கோடை இடிமழைக்கும் அதே சித்திரைதான். அதனால எங்களுக்குக் கோடை மழைங்கறது நீங்க மொட்டை மாடியில நின்னு மண்வாசனை பிடிக்கிற விஷயம் இல்ல. வருஷ வருமானத்துல ஒரு பங்கு திறந்தவெளியில கிடக்கிற நேரம் அது. காஞ்சிபுரம் தெருவுல பாவு நீட்டி வேலை பார்க்கிற நெசவாளிக்கும் வானம் இதே மாதிரிதான்.

விவசாயிக்கு மழைச் செய்தி நாலு அவகாசத்துல உபயோகப்படும். அஞ்சு நாள், ஒரு நாள், மூணு மணி நேரம், பத்து நிமிஷம். ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்க்கலாம்.

அஞ்சு நாள் முன்னாடி தெரிஞ்சா என்ன பண்ணலாம்? அறுவடையை முன்ன தள்ளலாம். ஆனா இதே செய்தி சுத்துப்பட்டு ஊரு அத்தனைக்கும்தான் தெரியும். எல்லாரும் ஒரே நாள்ல மெஷின் கேட்டா வாடகை ஏறும். வயல்ல ஈரம் இருந்தா டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேணும். அது இன்னும் அபூர்வம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரனுக்குக் கடைசியிலதான் வண்டி வரும். அரசாங்கத்துலயும் வாடகை மெஷின் இருக்கு, வேளாண் பொறியியல் துறை கொடுக்குது. எச்சரிக்கை வந்த மாவட்டத்துக்கு அந்த மெஷின்களை முதல்ல திருப்பி விடணும்னு ஒரு ஏற்பாடு இருந்தா, அந்த அஞ்சு நாளுக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

அடுத்தது ஒரு நாள். இதுதான் வயிறு எரியற இடம். அறுத்த நெல்லு எங்க போகும்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், சிட்டா அடங்கல் காட்டணும், முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா வாங்க மாட்டாங்க. 40 கிலோ சிப்பமா எடை போட்டு ரசீது எழுதற வரைக்கும் நெல்லு எங்களோடது. எடை போட்ட பிறகுதான் அரசாங்கத்தோடது. இடையில எத்தனை நாள் ஆகும்னு யாருக்கும் தெரியாது. சாக்கு இல்ல, லாரி வரல, எடுத்த மூட்டையே இன்னும் போகல, இடம் இல்ல. காரணத்துக்கா பஞ்சம்? அத்தனை நாளும் குவியல் திறந்த வெளியில, பல இடத்துல வெறும் மண் தரையில கிடக்கும்.

நாளைக்கு மழைன்னு இன்னைக்கே தெரியுது. எனக்குத் தெரியுது, நிலையத்துல இருக்கிறவருக்குத் தெரியுது, மாவட்ட நிர்வாகத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை போகுது. மறுநாள் நெல்லு நனையுது. இந்த நஷ்டத்துக்குக் காரணம் முன்னறிவிப்பு தப்பா இருந்ததா? இல்லவே இல்ல. கூரை இல்லாததுதான்.

"தார்ப்பாய் போட்டு மூட வேண்டியதுதானே?" கேட்பீங்கன்னு தெரியும். மூடறோம். ஆனா தார்ப்பாய் ஒரு ராத்திரிக்குத்தான். ஈர நெல்லை ரெண்டு நாள் மூடி வச்சா உள்ள சூடேறிப் புழுங்கும், அரிசி பழுக்கும், அடிப்பக்கம் முளை விடும். காலையில திறந்து காயவைக்கணும், சாயங்காலம் கூட்டிக் குவிச்சு மூடணும். ஒவ்வொரு தடவையும் ஆள் கூலி. பத்து நாள் எச்சரிக்கைக்கு ரெண்டு நாள் மழை வந்தா, பத்து நாளும் கூலி கொடுத்தாகணும். தரையில ஓடி வர்ற தண்ணி தார்ப்பாய்க்கு அடியில நுழையும், அதுக்கு என்ன பண்றது? சிமெண்ட் தரையும் மேல ஒரு தகரக் கூரையும் இருந்தா இதுல எதுவும் தேவையில்ல. ராக்கெட் விடத் தெரிஞ்ச நாட்டுல தகரக் கூரை போடத் தெரியாதா?

காப்பீடு இருக்கேன்னும் கேட்பீங்க. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல அறுவடைக்குப் பிறகு 14 நாள் வரைக்கும் பாதுகாப்பு உண்டு, பருவம் தப்பின மழையும் அதுல சேரும். ஆனா அது அறுத்து வயல்லயே காயப்போட்ட பயிருக்கு. மெஷின்ல அறுத்து, வண்டியில ஏத்தி, கொள்முதல் நிலைய வாசல்ல கொட்டின நெல்லுக்குக் கிடையாது. ஆக அந்தக் குவியல் காப்பீட்டுக்காரங்களோடதும் இல்ல, அரசாங்கத்தோடதும் இல்ல. அதைக் காப்பாத்த இருக்கிறது ஒரு தார்ப்பாயும் ஒரு கிழவனும்.

மழை பெஞ்ச பிறகு நடக்கிற கூத்தையும் சொல்றேன். டெல்டா மாவட்டங்கள்ல இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு. ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி சென்னையிலருந்து டெல்லிக்குக் கடிதம் போகும். மத்தியக் குழு வரும். நெல்லைக் கையில அள்ளி முகர்ந்து பார்ப்பாங்க, பேப்பர்ல படம் வரும். அப்புறம் 17-ஐ 19, 20-ன்னு தளர்த்தி உத்தரவு வரும். அதுக்குள்ள பாதிப் பேர் வியாபாரிகிட்ட கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டிருப்பாங்க. முன்னறிவிப்பு மழைக்கு அஞ்சு நாள் முன்னாடி வருது. தளர்வு மழை காய்ஞ்ச பிறகு வருது. கணினி இவ்வளவு வேகமாக் கணக்குப் போட்டு என்ன பிரயோஜனம், காகிதம் இவ்வளவு மெதுவா நகர்ந்தா?

மூணாவது, மூணு மணி நேரம். நகரத்துல மூணு மணி நேரம்னா வண்டியை வீட்டுக்குத் திருப்பறதுக்குப் போதும். எங்களுக்கும் குவியலை மூட, ஆடு மாட்டை ஓட்டிட்டு வர, அறுத்துப் போட்ட வேர்க்கடலையை அள்ள அது போதும்தான். ஒரே நிபந்தனை, செய்தி காதுல விழணும். செய்தி எங்க வருது? வாட்ஸ்அப் குழுவுல, எக்ஸ் தளத்துல, செயலியில. நடவுக்கும் களையெடுக்கவும் வர்ற பொம்பளைங்க பட்டன் போனையே வீட்டுல வச்சிட்டு வர்றாங்க. சேத்துல நிக்கிறவங்க முந்தானையில எந்தச் செயலி ஓடும்?

கடைசியா பத்து நிமிஷம். இது நெல்லைப் பத்தினது இல்ல, உசிரைப் பத்தினது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி 2022-ல மட்டும் நாட்டுல மின்னல் தாக்கிச் செத்தவங்க 2,887 பேர். புயல், வெள்ளம், வெயில்னு இயற்கையால வர்ற சாவுல தனித்தனியா எதை எடுத்தாலும் மின்னலுக்குத்தான் முதலிடம். செத்தது யாரு? பெரும்பாலும் வயல்ல வேலை செஞ்சவங்க, ஆடு மாடு மேய்ச்சவங்க, மழைக்கு மரத்தடியில ஒதுங்கினவங்க. கட்டடத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு இடி ஒரு சத்தம். வெட்டவெளியில இருக்கிறவங்களுக்கு அது எமன். அந்தப் பத்து நிமிஷத்துல பனைமரத்தடியை விட்டு ஓடி, ஒரு ஓட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா உசிர் பிழைக்கும். மின்னல் எங்க இறங்குதுன்னு புனேக்குத் தெரியுது. மரத்தடியில நிக்கிற கிழவிக்குத் தெரியல.

தெரிய வைக்க முடியாதா? முடியும்னு நம்ம பக்கத்துலயே காட்டியிருக்காங்க. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 வாக்குல புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சது. வீராம்பட்டினத்துல கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும்னு கணினியில எடுத்து, ஒலிபெருக்கியில மீனவர்களுக்குச் சொன்னாங்க. 2004 டிசம்பர் 26, சுனாமி அன்னைக்கு, நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்லருந்து போன் பண்ணி எச்சரிச்சார். ஊர்க்காரங்க அந்த மையத்து ஒலிபெருக்கியில கத்தி ஊரையே வெளியேத்தினாங்க. ஆயிரக்கணக்கான பேர் தப்பிச்சாங்க. அன்னைக்கு இந்தியப் பெருங்கடலுக்கு சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. இருந்தது ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. இன்னைக்கு நம்மகிட்ட ரேடார், செயற்கைக்கோள், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு. அந்த ஒலிபெருக்கி எங்க?

ஒவ்வொரு ஊருலயும் கோயில் மைக் இருக்கு. மார்கழியில விடியக்காலம் நாலரை மணிக்கு ரெண்டு கிலோமீட்டருக்குப் பாட்டு கேட்குது. அதுல "மேற்க மேகம் கட்டியிருக்கு, இடி இறங்குது, வயல்ல இருக்கிறவங்க எல்லாம் வீட்டுக்கு வாங்க"ன்னு ஒருத்தர் சொல்ல எவ்வளவு செலவாகும்? இல்லைன்னா 2023-ல சோதனைக்காக உங்க எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சே, ஞாபகம் இருக்கா? பயந்து போய் எவ்வளவு பேசினீங்க? அந்த வசதியை மின்னலுக்கு அந்தந்தக் கோபுரத்து எல்லையில பயன்படுத்தினா, வரப்புல வச்ச போனாவது கத்தும். 2025-ல 13 மாநிலத்துல 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை எப்போ தொடங்கும்னு செயற்கை நுண்ணறிவு கணிச்சதைக் குறுஞ்செய்தியாவே அனுப்பியிருக்காங்க. அனுப்ப முடியாதுன்னு இனி யாரும் சொல்ல முடியாது.

எச்சரிக்கையோட ஏற்பாடும் சேர்ந்தா என்ன ஆகும்னு ஒடிசாவைப் பாருங்க. 1999 அக்டோபர் பெரும்புயல்ல கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க. அப்பவும் புயல் வருதுன்னு தெரியாம இல்ல. 2013-ல பைலின் புயல் வந்தப்போ செத்தவங்க 50 பேருக்குள்ள. இடையில முன்னறிவிப்பு நல்லா வளர்ந்துச்சு, உண்மைதான். அதோட சேர்த்துப் புயல் பாதுகாப்புக் கட்டடம் கட்டினாங்க, ரோடு போட்டாங்க, ஊருக்கு ஊர் ஆள் வச்சுப் பழக்கினாங்க, லட்சக்கணக்கான ஜனங்களை முன்கூட்டியே வெளியேத்தினாங்க. புயலுக்கு முன்னாடி ஓடிப்போய் ஒதுங்க ஒரு கட்டடம் இருந்துச்சு. என் நெல்லு ஓடிப்போய் ஒதுங்க ஒரு கொட்டகை இல்ல.

நம்ம பக்கம் நடக்கிறது என்ன? மாவட்ட அளவுல வேளாண் வானிலை மையம்னு 2018-க்கு அப்புறம் திறந்தாங்க. செவ்வாயும் வெள்ளியும் அறிக்கை வரும். மழை வருது, உரம் போடாதே, மருந்து அடிக்காதே, அறுப்பைத் தள்ளு அப்படின்னு மேகத்தோட பாஷையை வயலோட பாஷையில மாத்திச் சொல்ற வேலை. நாடு முழுக்க 199 மையம். 2024 மார்ச்சோட அத்தனையையும் மூடிட்டாங்க. அதே வருஷம் செப்டம்பர்லதான் 2,000 கோடித் திட்டம். அந்த 2,000 கோடியில ஒரு ரூபாய் கூட வீண்னு நான் சொல்லமாட்டேன், ரேடார் இன்னும் வேணும். ஆனா செய்தியைத் தயார் பண்ற இடத்துக்குப் பணம் கொட்டிட்டு, செய்தியைக் கொண்டு வந்து சேர்க்கிற இடத்தைப் பூட்டினா, அதுக்கு என்ன பேரு? கிணத்தை ஆழப்படுத்திட்டு வாய்க்காலை மூடற வேலை.

நகரத்துத் தம்பிங்க, தங்கச்சிங்ககிட்ட நான் ஏன் இவ்வளவு காட்டமா பேசறேன்னா, உங்க குரலுக்கு ஒரு பலம் இருக்கு. 2021 டிசம்பர் 30 மத்தியானம் சென்னையில எதிர்பாராம மழை கொட்டி ஊரே நின்னுச்சு. நீங்க போட்ட சத்தத்துல முதலமைச்சரே வானிலைத் துறையோட கருவிகளை மேம்படுத்தணும்னு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். அதுக்கப்புறம் தமிழ்நாட்டு அரசு சொந்தமா 1,400 தானியங்கி மழைமானி, 100 தானியங்கி வானிலை நிலையம்னு திட்டம் போட்டுச்சு. ஒரு மத்தியானம் சென்னை நனைஞ்சதுக்குக் கிடைச்ச பலன் அது. சென்னை நனைஞ்சா முன்னறிவிப்பு தப்புங்கறீங்க. எங்க நெல்லு நனைஞ்சா விதிங்கறீங்க. இதை மாத்திக்கணும்.

நாங்க கேட்கிறது வானத்தை வில்லா வளைக்கச் சொல்லி இல்ல. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் சிமெண்ட் தரை, கூரை. ஆரஞ்சு எச்சரிக்கை வந்த உடனே கூடுதல் எடை மெஷினும் ஆளும், அதோட ஈரப்பத வரம்பு யாரும் கடிதம் எழுதாமலே தானாத் தளர்ற மாதிரி ஒரு விதி. கொள்முதல் நிலைய வாசல்ல காத்திருக்கிற நெல்லுக்கும் காப்பீடு. மூடின 199 மையத்தையும் திறக்கிறது. பஞ்சாயத்துக்கு ஒரு ஒலிபெருக்கி, அதுக்கு ஒரு பொறுப்பான ஆள். இந்தப் பட்டியல்ல எதுக்கும் புதுசா எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்ல. இதெல்லாம் கொத்தனாரும் குமாஸ்தாவும் செய்யற வேலை.

அடுத்த கோடையில ரேடார் படத்துல எங்க பக்கம் சிவப்பா ஒரு திட்டு தெரியும். "காஞ்சிபுரத்துல செம மழை"ன்னு சந்தோஷமாப் பகிர்வீங்க. பகிருங்க, நல்ல மழைக்கு நாங்களும் சந்தோஷப்படறவங்கதான். கூடவே உங்க எம்.எல்.ஏ.கிட்ட, எம்.பி.கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்தச் சிவப்புக்குக் கீழ எத்தனை கொள்முதல் நிலையத்துக்குக் கூரை இருக்கு? நுங்கம்பாக்கத்துல இருக்கிறவங்க அவங்க பங்கைச் செஞ்சிட்டாங்க. அங்கருந்து களத்துமேடு வரைக்கும் மிச்சம் இருக்கிற தூரம் யாரோட பொறுப்புன்னு கேளுங்க.